பார்க்காமல் அனுப்பியவர்

அன்று அந்த வீடியோவைக் கைமாற்றிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. பயிற்சியில் கெட்டவர்களைப் பற்றி நிறையச் சொல்லியிருப்பார்கள். பொய்ப் பெயரில் பழகுகிறவன், படம் கேட்கிறவன், கேட்டதைக் கொடுத்த பிறகு மிரட்டுகிறவன். அவர்களைப் பிடிக்கப் போலீஸ் இருக்கிறது. நல்லவர்களைச் சமாளிப்பது பெரும்பாலும் நம் தலையில்தான் விழும்.

நான் கடலூரில் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவள். இதில் வருகிற யாருக்கும் பெயர் கிடையாது. வீடியோவில் இருந்த பெண்ணின் அப்பாவுடைய தொழிலை மாற்றியிருக்கிறேன். ஊர் சிதம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவைக் கேட்காதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரத்திலிருந்து ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் போன் செய்தார். அதற்கு முன் சில வழக்குகளில் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறோம்.

“அக்கா, ஒரு வீடியோ சுத்துது. சின்னப் பொண்ணு. எட்டாவது படிக்குது. கெளம்பி வர முடியுமா?”

நடந்தது பிறகு எங்களுக்கு முழுதாகத் தெரிந்தது. வேறு மாவட்டத்தில் இருந்த ஒருவன், தன்னையும் ஒரு பள்ளிப் பெண் என்று சொல்லிக்கொண்டு, செல்போன் விளையாட்டு ஒன்றில் அவளோடு பழகியிருக்கிறான். பிறகு ஏமாற்றியும் மிரட்டியும் அந்த வீடியோவை வாங்கியிருக்கிறான். இன்னும் வேண்டும் என்று அவன் கேட்டபோது அவள் பயந்துபோய்ப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். அந்தக் கோபத்தில் அவன் ஊர்ப் பெயர் போட்ட இரண்டொரு வாட்ஸ்அப் குழுக்களில் சேர்ந்து அதைப் போட்டுவிட்டான்.

அவன் செய்தது அவ்வளவுதான். மீதியை ஊர் செய்தது. யாரோ ஒருவர் கொதித்துப்போய் வீடியோவின் மேலே இப்படி எழுதினார்: ‘இந்தப் பாவி மாட்டும்வரை பகிருங்கள். நம் வீட்டுப் பெண்ணாக நினைத்து எல்லாக் குழுவுக்கும் அனுப்புங்கள்.’ நடைப்பயிற்சி செய்கிறவர்கள் அனுப்பினார்கள். கோயில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் அனுப்பினார்கள். ஆட்டோக்காரர்கள், பழைய மாணவர்கள், லோடு வண்டிக்காரர்கள் எல்லோரும் நம் வீட்டுப் பெண்ணாகத்தான் நினைத்தார்கள். நினைத்து அனுப்பினார்கள்.

அதில் முகம் தெளிவாக இல்லையாம். ஆனால் குரல் இருந்தது. அவளுக்கு டியூஷன் எடுக்கும் டீச்சரின் போனுக்கும் அது வந்திருக்கிறது. தினமும் கேட்கிற குரல் என்பதால் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. தெரிந்த சப்-இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். டீச்சரைத் தவிர ஊரில் வேறு யாருக்கும் அது யார் என்று அதுவரை தெரியாது. எங்கள் கையில் இருந்த ஒரே நல்ல செய்தி அதுதான். அதைக் கெடுத்துவிடாமல் வேலை செய்ய வேண்டியிருந்தது.

“இல்லையாம்” என்று நான் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். நான் அந்த வீடியோவைப் பார்க்கவில்லை. அந்த வழக்கில் மட்டுமல்ல, எந்த வழக்கிலும் தேவையில்லாமல் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே இருந்த அம்மாள் ஒருவர், நான் ஒரு கோப்பில் இருந்த படங்களைக் கேட்டபோது, “பாக்கணும்னு தோணுறதுக்கெல்லாம் கடமைன்னு பேர் வெக்காத” என்றார். அன்று எனக்கு ரோஷம் வந்தது. பிறகு புரிந்தது. பார்க்க வேண்டிய பொறுப்பு உள்ளவர்கள் பார்க்கட்டும். நாளைக்கு அந்தப் பிள்ளை நம் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

கடலூரிலிருந்து பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது சப்-இன்ஸ்பெக்டர் மறுபடி கூப்பிட்டார்.

“மேல கேக்கறாங்க அக்கா. ‘இந்த வீடியோவ யாரும் ஷேர் பண்ணாதீங்க’ன்னு ஒரு நோட்டீஸ் வுட்டுடலாமான்னு.”

“எந்த வீடியோன்னு தெரியாதவங்க தேட ஆரம்பிப்பாங்கம்மா. வேணாம். யாரு குரூப் நடத்தறாங்களோ அவுங்கள ஒவ்வொருத்தரா போய்ப் பாக்கலாம்.”

“அப்ப நான் ஜீப்புல அந்த வூட்டுக்குப் போயி பொண்ணப் பாத்துட்றேன்.”

“ஜீப்ப அந்தத் தெருவுல நிறுத்தினா நாமளே பேரு எழுதி ஒட்டின மாதிரி ஆயிடும்.”

“பொண்ணு தனியா இருக்குமே அக்கா? எதனா பண்ணிக்கிச்சின்னா?”

அவருடைய பயம் நியாயமானது. இப்படிப்பட்ட நேரத்தில் குழந்தையைத் தனியாக விடக் கூடாது என்பதுதான் முதல் விதி. வீடியோவெல்லாம் அப்புறம். அதனால் டீச்சரைக் கேட்டோம். மாதிரி வினாத்தாள் கொடுக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு அவர் அந்த வீட்டுக்குப் போனார். நான் அவரிடம் போனில் சொன்னது இதுதான்: “எதையும் கேக்காதீங்க டீச்சர். கூடவே இருங்க. அதுவா சொன்னா, ‘உன் மேல தப்பில்ல’ன்னு மட்டும் சொல்லுங்க.”

நான் சிதம்பரத்தில் இறங்குவதற்குள் டீச்சரிடமிருந்து போன் வந்துவிட்டது. பிள்ளை காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாளாம். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, “உங்களுக்கும் வந்துடுச்சா மிஸ்?” என்று கேட்டாளாம். அதன்பின் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. அம்மா அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மகளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு ஸ்ரீமுஷ்ணம் போயிருந்தார்.

அம்மா போனை வாங்கிக் கேட்டார். “அவுங்க அப்பாகிட்ட சொல்லிடவா மேடம்?”

“வண்டி ஓட்டிட்டு வர்றவருகிட்ட போன்ல இத சொல்லக் கூடாதும்மா. டீச்சர் பாக்கணும்னு சொன்னாங்கன்னு மட்டும் சொல்லுங்க. அவர நாங்க பாத்துக்கறோம்.”

அவர் வந்து சேர மதியம் ஆகும் என்றார்கள். அதுவரை சும்மா இருக்க முடியாது. ஊரில் பெரிய குழு ஒன்றை நடத்தியவர், பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். நடைப்பயிற்சிக்காரர்களின் குழு. சப்-இன்ஸ்பெக்டர் சாதாரண உடையில் வந்தார். இருவரும் அவர் வீட்டுக்கு நடந்தே போனோம்.

உட்காரவைத்துக் காபி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நல்ல எண்ணத்துலதாம்மா போட்டேன். அந்த அயோக்கியன் சிக்கணுமா, வேணாமா?”

சப்-இன்ஸ்பெக்டர் சட்டத்தில் ஆரம்பித்தார். எந்த எண்ணத்தோடு அனுப்பினாலும் அனுப்புவதே குற்றம் என்றார். அது உண்மைதான். ஆனால் பெரியவரின் முகம் இறுகிவிட்டது.

“அப்ப என்னைப் புடிச்சு உள்ள போடப்போறீங்களா? செஞ்சவன வுட்டுட்டு?”

இந்த இடத்தில் வாதம் செய்தால் நாம் ஜெயிக்கலாம். வீடியோ அவர் போனிலேயே இருக்கும். நான் வேறு விதமாகக் கேட்டேன்.

“சார், அந்தப் பொண்ணு நாளைக்கு ஸ்கூலுக்கு நடந்து போவணும். வழியில பாக்கறவங்கள்ள எத்தன பேரு அத இந்த வீடியோவுல பாத்தவங்களா இருக்கணும்?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு போனை எடுத்தார். குழுவில் போட்டதை அழித்தார். அழித்துவிடும்படி எல்லோருக்கும் எழுதினார். அது போதாது என்று யார் யார் வேறு இடத்துக்கு அனுப்பினார்களோ அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். வழக்குக்கு வேண்டியதைப் போலீஸ் ஏற்கனவே எடுத்துவைத்திருந்ததால் அழிப்பதில் தடையில்லை. அன்றைக்கு எங்களுக்கு அவரைப்போல உதவியவர் யாரும் இல்லை.

நாங்கள் எழுந்திருக்கும் நேரத்தில் சொன்னார். “எனக்கு அனுப்பினவர்கிட்டயும் சொல்லிடுங்கம்மா. லோடு வண்டி ஓட்டறவரு. ரொம்ப நல்ல மனுஷன். என் பையன் வீடு மாத்தினப்ப அவரு வண்டிலதான் சாமான் ஏத்தினோம்.”

போனைத் திருப்பிக் காட்டினார். பெயரும் எண்ணும் இருந்தன. காலையில் அம்மா எங்களுக்குக் கொடுத்திருந்த அதே எண். பெண்ணின் அப்பா.

சப்-இன்ஸ்பெக்டரின் கை டம்ளரோடு நின்றுவிட்டது. நான், “காபி நல்லா இருந்துச்சு சார், வீட்ல சொல்லிடுங்க” என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

“தெரிஞ்சவரா?” என்று கேட்டார் பெரியவர்.

“இல்ல சார். அவரையும் பாத்துச் சொல்லிடறோம்.”

குழந்தையிடம் பொய் சொல்லாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பெரியவர்களிடம் எப்போது முகத்தை மாற்றாமல் பொய் சொல்வது என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள். அதையும் பழகிக்கொள்ள வேண்டும்.

தெருவுக்கு வந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் தாழ்ந்த குரலில் சொன்னார். “அக்கா, சட்டப்படி பாத்தா அவரும்…”

“தெரியும்.”

“எழுதாம வுட முடியாதுக்கா.”

“எழுதும்மா. கட்டாயம் எழுது. சாயங்காலம் எழுது. இப்ப அவரு அந்தப் புள்ளையோட அப்பா. அத மட்டும் பாப்போம்.”

அவரை வீட்டிலும் பார்க்கவில்லை, ஸ்டேஷனிலும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் டியூஷன் அறை காலியாக இருந்தது. பெஞ்சுகளுக்கு நடுவில் நானும் சப்-இன்ஸ்பெக்டரும் உட்கார்ந்திருந்தோம். அவர் சட்டையில் தவிட்டுத் தூசியோடு உள்ளே வந்தார். டீச்சர் இல்லாததைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

“மார்க் கொறஞ்சிடுச்சா மேடம்? காய்ச்சல்னு சொன்னாளே.”

உட்காரச் சொன்னேன். இந்த மாதிரி செய்தியைச் சுற்றி வளைக்கக் கூடாது. வளைக்க வளைக்க அவர்கள் இதைவிட மோசமானதைக் கற்பனை செய்துகொள்வார்கள். முதலில், பிள்ளை பத்திரமாக வீட்டில் இருக்கிறாள், அம்மாவும் டீச்சரும் கூட இருக்கிறார்கள் என்றேன். பிறகு, ஒருவன் அவளை ஏமாற்றி ஒரு வீடியோ வாங்கியிருக்கிறான், அது காலையிலிருந்து ஊருக்குள் வருகிறது என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டே சட்டைப்பையில் இருந்த போனைத் தொட்டார். எடுக்கவில்லை. துணிக்கு மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார்.

“காலைல எங்க டிரைவர் குரூப்புல ஒண்ணு வந்துச்சி.”

என் முகத்தைப் பார்த்தார்.

“அதா மேடம்?”

“ஆமாங்க.”

“நான் அனுப்பிட்டேனே மேடம். நாலஞ்சு பேருக்கு அனுப்பிட்டேனே.” குரல் உயரவில்லை. தகவல் சொல்வதுபோலத்தான் சொன்னார். “தொறந்து பாக்கல. பொம்பளப் புள்ள வச்சிருக்கறவன், அத எப்புடித் தொறந்து பாக்கறது? மேல எழுதியிருந்தத படிச்சேன். வவுறு எரிஞ்சிது. அனுப்பிட்டேன்.”

திடீரென்று எழுந்தார். ஸ்டாண்டுக்குப் போய் ஒவ்வொருத்தன் போனையும் வாங்கி அழிக்கப்போகிறேன் என்றார். வாசலை நோக்கி நடந்தே விட்டார். சப்-இன்ஸ்பெக்டர் குறுக்கே போய் நின்றார்.

நான் சொன்னேன். “நீங்க இப்ப இந்தக் கோலத்துல அங்க போயி நின்னீங்கன்னா, வாயத் தொறக்கவே வேணாம். எல்லாருக்கும் தெரிஞ்சிடும். இதுவர யாருக்கும் தெரியாது. உங்க முகத்தப் பாத்துத்தான் தெரியப்போவுது.”

அந்த நிமிடத்தில் அவரிடம் நாங்கள் கேட்டது கொடுமையான காரியம். ஒரு தகப்பனை, உன் பிள்ளைக்காக ஒன்றும் செய்யாமல் உட்கார் என்று சொன்னோம். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். போனை எடுத்து, தான் அனுப்பியதையெல்லாம் அழித்தார். ஒன்றை மட்டும் சப்-இன்ஸ்பெக்டர் அழித்துக்கொடுத்தார். அதற்குள் டிரைவர்கள் குழுவில் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்காதீர்கள் என்றேன். கேட்கவில்லை. ஒருவன் எழுதியிருந்தான்: ‘பெத்தவன் இன்னா பண்ணிட்டிருந்தானாம்?’ அதற்குக் கீழே சிலர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். எழுதியவன் அவருக்கு மச்சான் முறை.

பிறகு கேட்டார். “நான் ஒண்ணு எழுதலாமா மேடம்?”

யோசித்தேன். எழுதினால் ஆபத்து. ஒரு வார்த்தை கூடிப்போனால் தெரிந்துவிடும். எழுதக் கூடாது என்றால் இந்த மனிதர் வீட்டுக்குப் போய் மகள் முன்னால் எந்த முகத்தோடு நிற்பார்? ஊரில் அதற்குள் பலர் ‘அழித்துவிடுங்கள்’ என்று எழுத ஆரம்பித்திருந்தார்கள். பேங்க் மேனேஜரின் புண்ணியம். அந்தக் கும்பலில் இதுவும் ஒன்றாகப் போய்விடும் என்று கணக்குப் போட்டேன்.

“எழுதுங்க. எங்ககிட்டக் காட்டிட்டு அனுப்புங்க.”

அவர் எழுதியது: ‘நானும் காலைல தெரியாம அனுப்பிட்டேன். அழிச்சிட்டேன். எல்லாரும் அழிச்சிடுங்கப்பா. போலீஸ் பாத்துக்கும்.’ நான் எதையும் மாற்றவில்லை.

அந்த மச்சானே பதில் போட்டான். ‘இன்னா மாமா, ஒனக்கு இவ்ளோ அக்கறை?’

மூன்று பேரும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கை போனை நோக்கிப் போனது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வேறு யாராவது பேசட்டும் என்று காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் வயதான டிரைவர் ஒருவர், ‘அவன் சொல்றது கரெக்ட்டு. நானும் அழிச்சிட்டேன்’ என்று எழுதினார். இன்னொருவர் எழுதினார். பிறகு அந்த மச்சானும், ‘சரி மாமா, அழிச்சிட்டேன்’ என்றான். அவர் போனை அணைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதார்.

பொழுது சாயும் நேரத்தில், டீச்சரின் சொந்தக்காரி என்று சொல்லிக்கொண்டு நான் அந்த வீட்டுக்குப் போனேன். பிள்ளை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னிடம் ஊரைப் பற்றிக் கேட்கவில்லை. பள்ளியைப் பற்றிக் கேட்கவில்லை. அவனைப் பிடித்துவிட்டீர்களா என்றும் கேட்கவில்லை.

“அப்பா பாத்துட்டாரா?”

“பாக்கலம்மா.”

“பொய் சொல்றீங்க.”

அப்பா கதவருகில் நின்றுகொண்டிருந்தார். வழியில் அவரிடம் நான் தெளிவாகச் சொல்லியிருந்தேன். பார்க்கவில்லை என்பதைச் சொல்லுங்கள், அது உண்மை. அனுப்பியதை இன்றைக்குச் சொல்ல வேண்டாம், அவளால் தாங்க முடியாது. சொல்ல ஒரு நாள் வரும்.

“பாக்கலம்மா. போனுக்கு வந்துச்சி. தொறக்கல” என்றார் அவர். அதோடு நிறுத்தச் சொல்லி நான் தலையை அசைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், ஆனால் நிறுத்தவில்லை. “ஆனா அனுப்பிட்டேன். மேல எழுதியிருந்தத மட்டும் படிச்சிட்டு அனுப்பிட்டேன். நீன்னு தெரியாது.”

அம்மா, “ஏங்க…” என்றார்.

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். “ஏம்ப்பா அனுப்புன?”

“அந்தப் பொண்ணுக்கு நல்லது நடக்கும்னு நெனச்சேன்.”

அவள் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் சொன்னாள். “நானும் அப்டித்தாம்பா. எதுவும் ஆவாதுன்னு நெனச்சேன்.”

நீ செய்தது தப்பே இல்லை, இரண்டும் ஒன்றில்லை என்று சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் அவர் தோளில் சாய்ந்து சத்தம்போட்டு அழுதாள். காலையிலிருந்து அவள் அப்படி அழவில்லை என்று டீச்சர் பிறகு சொன்னார்.

இன்றைக்கு வேறொரு தகப்பன் என்னிடம் கேட்டாலும், இப்போது சொல்லாதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்த வீட்டில் நான் சொன்னது சரியாக வரவில்லை. இரண்டையும் உங்களிடம் வைக்கிறேன்.

அவன் பிடிபட்டான். அவனிடம் மாட்டிய பிள்ளைகள் வேறு ஊர்களிலும் இருந்தார்கள். அந்த வீடியோ பிறகும் இரண்டொரு தடவை எங்கோ தலைகாட்டியது. ஒவ்வொரு தடவையும் எடுக்கவைத்தோம். ஊர் வேறு ஏதோ பரபரப்புக்குப் போய்விட்டது. சப்-இன்ஸ்பெக்டர் சொன்னபடியே அப்பா அனுப்பியதை அன்று மாலையே எழுதிவிட்டார். மேலே இருந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, தெரியாமல் அனுப்பி உடனே அழித்தவர்கள் மேல் வழக்கு வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். கடலூர் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “நீங்களும்தானே அனுப்பினீங்க?” என்று அவரைக் கேட்டபோது, அவர், “ஆமாங்க, எழுதிக் குடுத்திருக்கேன்” என்றார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். மறைத்திருந்தால் அன்றைக்கு வழக்கு ஆட்டம் கண்டிருக்கும். அவனுக்குத் தண்டனை கிடைத்தது. அந்தக் குடும்பம் தெருவைக்கூட மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு முகூர்த்த நாளில் திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தேன். எங்கு பார்த்தாலும் கல்யாணக் கூட்டம். ஒரு கூட்டத்துக்கு நடுவில் அவளைப் பார்த்தேன். வளர்ந்திருந்தாள், பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அப்பாவும் இருந்தார். அவர் என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டார். நானும் வேறு பக்கம் பார்த்தேன். நம்மிடம் வந்துபோன குடும்பங்களை வெளியில் பார்த்தால் நாமாகப் போய்ப் பேசக் கூடாது. நம்மை எப்படித் தெரியும் என்ற கேள்வி அவர்களுக்கு வேண்டாம்.

ஆனால் அவள் வந்தாள். பூ வாங்குவதுபோல என் பக்கத்தில் வந்து நின்றாள். “நல்லா இருக்கீங்களா மேடம்?” என்றாள் மெதுவாக.

“இருக்கேன்மா.”

“நர்சிங் முடிச்சிட்டேன்.”

அதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள், “யாருடி அது?” என்று குரல் கொடுத்தார்.

“தெரியல சித்தி. ஹயக்ரீவர் மலைக்கு வழி கேக்கறாங்க” என்றாள் அவள், கொஞ்சமும் தடுமாறாமல். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, “அதோ அந்தப் படிதான், மேல ஏறுங்க” என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு முட்டிவலி. மலைக்குப் போகும் எண்ணமே இல்லை. இருந்தாலும் அந்தக் கூட்டம் கண்ணைவிட்டு மறையும்வரை படி ஏறினேன்.